மிச்சம் எங்க போனது, பிள்ளை?

சில மாதங்களாக ஒரு கேள்வி என்னை விடவில்லை. கேட்டவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ இன்னும் காதில் நிற்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை, அதில் ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. மேசையில் ஸ்கேனர், பக்கத்தில் நான் பூட்டிக் கொடுத்த ஆறு டிஸ்க் போட்ட சேமிப்புப் பெட்டி. எல்லாம் இணைத்து முடித்து, மொத்தக் கொள்ளளவு முதல்முறையாகத் திரையில் வந்தது: 14.4. ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "நீர் இருபத்திநாலு எண்டெல்லோ சொன்னனீர். மிச்சம் எங்க போனது, பிள்ளை?"

சொன்னேன்தான். இரண்டு மாதத்துக்கு முன், வேலை முடிந்து 100 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது போன் எடுத்துக் கேட்டார்: "மொத்தமா எவ்வளவு பிடிக்கும்?" நாலு டெராபைட் டிஸ்க் ஆறு. நாலாறு இருபத்திநாலு. அவ்வளவுதான் யோசித்தேன். பகல் முழுக்க ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்ப்பவள் நான். 24 என்பது டிஸ்க் பெட்டியின் அட்டையில் இருக்கிற எண், கோப்புகளுக்குக் கிடைக்கிற எண் அல்ல என்பது எனக்குத் தெரியும். எங்களுக்குள் பேசும்போது "24 ரோ", அதாவது கழிவு போகாத மொத்தம், என்று சொல்லிவிட்டு மேலே போவோம். கேட்பவருக்கும் மீதிக் கழிவு தெரியும். ஐயாவுக்கு அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவர் கேட்டது டிஸ்க்கைப் பற்றி அல்ல, தன் படங்களைப் பற்றி.

அவர் ஒரு கல்யாணப் படப்பிடிப்பாளர். எழுபதுகளின் நடுவில் தொடங்கி, டிஜிட்டல் கமரா வந்து பிலிம் ஓயும்வரை எடுத்தவர். 3,900 பிலிம் ரோல்கள், பிஸ்கட் பேணிகளில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் திகதியும் மாப்பிள்ளை பொம்பிளை பெயரும் எழுதி. கொழும்பின் ஈரத்துக்கும் கடற்காற்றுக்கும் பிலிம் நெடுநாள் தாங்காது. சில பேணிகளைத் திறந்தால் வினாகிரி வாசம் மூக்கில் அடிக்கும். அசிட்டேட் பிலிம் தானே உடையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த வாசம்தான் அடையாளம், தொடங்கினால் நிறுத்த முடியாது. ஆகவே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார். பேரன் உதவிக்கு வந்தான். சேமிப்புக்கு நான்.

கொப்பியில் இருந்த கணக்கு

"மிச்சம் எங்க" என்ற கேள்விக்கு நான் அன்று உடனே பதில் சொல்லத் தொடங்கினேன். ஆறில் இரண்டு டிஸ்க்கின் அளவு பாரிட்டிக்கு, அதாவது செத்த டிஸ்க்கில் இருந்ததை மீட்டெடுக்க வைக்கும் கணக்குத் தரவுக்குப் போகிறது, எந்த இரண்டு டிஸ்க் செத்தாலும் படங்கள் தப்பும், அதனால் நாலு டிஸ்க்கின் அளவுதான் மிஞ்சும் என்று. அவர் இடைமறித்தார். "ஏன் ரெண்டு? ஒண்டு காணாதோ?" நல்ல கேள்வி. ஒரு டிஸ்க் செத்தால் அதை மாற்றிப் புதிதாகக் கட்டியெழுப்ப, மீதி ஐந்தையும் வாசிக்க வேண்டும். டிஸ்க் நிறைந்த காலத்தில் அது 20 டெராபைட் வாசிப்பு. சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், 10 இன் 14 ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு வாசிப்புப் பிழை வரலாம் என்று போட்டிருப்பார்கள். கணக்குப் பண்ணினால் 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடக்கின்றன, ஆனாலும் ஏற்கனவே ஒன்று செத்த நேரத்தில் கையிருப்பு இல்லாமல் அந்த 20 ஐத் தாண்ட எனக்கு மனம் வராது. இப்படிப் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்ட் என்ற யோசனையை பேர்க்லியில் பட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் 1988 இல் எழுதியபோது டிஸ்க்குகள் மெகாபைட் கணக்கில் இருந்தன. டிஸ்க் பெருக்கப் பெருக்க, ஒன்று மட்டும் காணும் என்ற நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது.

இதெல்லாம் அவருக்கு விளங்கியது. விளங்கியதும் சொன்னார்: "பத்துப் பேர்ச் காணி வாங்கினால் பத்துப் பேர்ச்சிலயுமோ வீடு கட்டிறது? தெருவுக்கு விட வேணும், பின்னுக்கு விட வேணும், வெளிச்சத்துக்கு விட வேணும். அது எனக்கு விளங்குது, பிள்ளை." பிறகு லாச்சியைத் திறந்து ஒரு மொனிட்டர் கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அந்தக் கொப்பியைப் பார்த்த நேரம்தான் எனக்கு எல்லாம் மாறியது. நீல மை, சாய்ந்த எழுத்து, ஒவ்வொரு வரிக்கும் அடிமட்டம் வைத்துக் கோடு. முதல் பக்கத்தில்: ஒரு பிரேம் 122.6 எம்.பி. அதற்குக் கீழே 24 டெராபைட்டை எம்.பி. ஆக்கி, அந்த 24,000,000 ஐ 122.6 ஆல் நெடும்பிரிப்பாகப் பிரித்து, விடை 195,758, அடியில் இரட்டைக்கோடு. அடுத்த வரி: எங்கட ரோல் 3,900, பெருக்கல் 36, சமன் 140,400. அடுத்தது: மிச்ச இடம் 55,358 பிரேம். அதற்கும் கீழே, வேறு பேனையால், கொட்டாஞ்சேனை நண்பரின் பெயரும் "550 ரோல், 19,800, தாராளமாகப் போகும்" என்றும்.

அந்த நண்பரும் படப்பிடிப்பாளர், இப்போது இல்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தைக் கடைகள் எரிந்தபோது ஐயாவின் பழைய ஸ்டூடியோவும் எரிந்தது. அதுவரை எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பகுதி, இடம் போதாமல் நண்பர் வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்ததால் தப்பியது. அந்த வீட்டுக்கு ஐயா போய், நண்பரின் மகளிடம், "அப்பான்ர பெட்டிகளையும் தாங்கோ, இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பேருந்தில் நான் சொன்ன ஒரு சொல்லை வைத்து.

"குறையும் எண்டு முதலே சொல்லியிருந்தால் நான் அங்க வாக்குக் குடுத்திருக்க மாட்டன்," என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே ரயில் போனது, அறை அதிர்ந்தது, தேத்தண்ணி வந்தது. நான் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு அலகு, ஒரே பெயர்

அன்றிரவு வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைப் போனில் எடுத்த படத்திலிருந்து மறுபடி கணக்குப் போட்டேன். முதலில் கண்ணில் பட்டது 122.6. அது வின்டோஸ் காட்டிய எண். 4,000 டி.பி.ஐ. இல், அதாவது அங்குலத்துக்கு 4,000 புள்ளி வீதம், 35 மில்லிமீற்றர் பிரேம் ஒன்று 5,669 க்கு 3,780 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று நிறம், ஒவ்வொன்றும் 16 பிட், ஆக 6 பைட். மொத்தம் 128,572,920 பைட். பத்தின் அடுக்கில் சொன்னால் 128.6 மெகாபைட். வின்டோஸ் 1,024 ஆல் இரண்டு முறை பிரித்து 122.6 என்று சொல்லி, அதற்கும் எம்.பி. என்றே பெயர் வைக்கிறது. டிஸ்க் விற்பவரோ 4 டெராபைட் என்றால் 4,000,000,000,000 பைட் தருகிறார். அதில் ஏமாற்று இல்லை. ஐயா ஒரு கையில் விற்பவரின் அலகையும் மறு கையில் வின்டோஸின் அலகையும் வைத்துப் பிரித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, இரண்டிலும் ஒரே பெயர்தானே எழுதியிருந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1998 இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு கிபி, மெபி, ஜிபி, டெபி என்று இரண்டின் அடுக்குகளுக்குத் தனிப் பெயர் வைத்தது. எங்கள் பெட்டியின் திரை டெபிபைட்டில்தான் காட்டியது. ஒரு டெபிபைட் 1,099,511,627,776 பைட். ஆகவே 14.4 என்று தெரிந்தது 15.86 டெராபைட். நான் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என்னோடு வேலை செய்பவர்களே பலர் இதை "அலகு மாற்றத்தில் ஒன்பது வீதம் போச்சு" என்று இழப்புப் பட்டியலில் சேர்க்கிறார்கள். ஒரு பைட்டும் போகவில்லை. மைலில் இருந்த தூரத்தைக் கிலோமீற்றரில் சொன்னால் தெரு நீளுமா? கோப்பின் அளவையும் டிஸ்க்கின் அளவையும் ஒரே அலகில் வைத்துப் பிரித்தால் இந்தச் சிக்கல் எழும்பவே எழும்பாது. நான் இப்போதெல்லாம் பைட்டில்தான் கணக்குப் போடுகிறேன். பூச்சியங்கள் நீளம், ஆனால் பொய் சொல்லாது.

உண்மையில் போனவை வேறு. பாரிட்டிக்கு 8 டெராபைட். பெட்டியில் கோப்புகளை அடுக்கி நிர்வகிக்கும் மென்பொருளான இசட்.எப்.எஸ். தன் அவசரத் தேவைக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளும் இடம், இப்போதைய பதிப்புகளில் அதிகபட்சம் 128 ஜிபிபைட், அது பெரிதில்லை. அப்புறம் எண்பது வீத வழக்கம்: அதற்குமேல் நிரப்பினால் வெற்றிடம் துண்டு துண்டாகி எழுதும் வேகம் விழும் என்று தொழிலில் எல்லோரும் கடைப்பிடிப்பது. எல்லாம் கழித்தால் 12.69 டெராபைட். பிரேம் கணக்கில் சுமார் 98,700.

கொப்பியில் 195,758. நிஜத்தில் அதில் சரிபாதி. நண்பரின் பெட்டிகள் ஒருபக்கம் இருக்கட்டும், ஐயாவின் சொந்தப் படங்களே போகாது.

ஏழாவது டிஸ்க்

பெட்டியில் எட்டு டிஸ்க்குக்கு இடம் இருந்தது. எனக்கு முதலில் தோன்றியது, என் காசில் இன்னொரு டிஸ்க் வாங்கிப் போட்டுவிடலாம் என்பதுதான். பம்பலப்பிட்டி கணினிக் கடைத்தொகுதி பத்து நிமிடத் தூரம். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு டிஸ்க்கின் விலை பழைய விலைக்குத் திரும்பவே இல்லை, என்றாலும் தவறு என்னுடையது. ஆறுக்கு நாலு என்றால் ஏழுக்கு ஐந்து, கோப்புகளுக்குக் கிடைக்கும் பங்கு 66.7 வீதத்திலிருந்து 71.4 க்கு ஏறும் என்று மனக்கணக்குப் போட்டேன். மறுபடியும் மனக்கணக்கு. இந்த முறை கடைக்குப் போகுமுன் தாளில் போட்டுப் பார்த்தேன், நல்லகாலம்.

இசட்.எப்.எஸ். ஒரு கோப்பை வழக்கமாக 128 கிபிபைட் துண்டுகளாக வெட்டும். டிஸ்க்கில் எழுதக்கூடிய மிகச் சிறிய கூறான செக்டர் ஒன்று 4 கிபிபைட். அப்படியென்றால் ஒரு துண்டுக்கு 32 செக்டர் தரவு. ஆறு டிஸ்க்கில் ஒரு வரிசைக்கு நாலு தரவு, இரண்டு பாரிட்டி. 32 ஐ நாலால் பிரித்தால் எட்டு வரிசை, மிச்சமில்லை. பாரிட்டி 16, மொத்தம் 48. கச்சிதம். ஏழு டிஸ்க்கில் வரிசைக்கு ஐந்து தரவு. 32 ஐ ஐந்தால் பிரித்தால் ஆறு முழு வரிசை, ஏழாவதில் இரண்டே இரண்டு செக்டர். அந்த இரண்டுக்கும் முழுப் பாரிட்டி வேண்டும். ஆக பாரிட்டி 14, மொத்தம் 46. இரட்டைப் பாரிட்டியில் எடுக்கும் இடம் எப்போதும் மூன்றின் மடங்காக இருக்க வேண்டும் என்பது அதன் விதி, ஆகவே 46 ஐ 48 ஆக்கிக்கொள்ளும். அதே 48! ஏழாவது டிஸ்க் வந்தும் பங்கு 66.7 இலிருந்து ஓர் இம்மியும் ஏறாது. மொத்த இடம் கூடும், உண்மை, ஆனால் நான் நினைத்த அளவுக்கு இல்லை.

துண்டை 1 மெபிபைட் ஆக்கினால் நிலைமை வேறு. 256 செக்டர் தரவு, 52 வரிசை, 104 பாரிட்டி, மொத்தம் 360, பங்கு 71.1. பெரிய ஸ்கேன் கோப்புகளுக்கு அதுதான் பொருத்தமும்கூட. ஆனால் ஏற்கனவே கட்டிய தொகுதியில் ஒரு டிஸ்க்கைச் சேர்க்கும் வசதி 2025 ஜனவரியில் வந்த ஓபன் இசட்.எப்.எஸ். 2.3 இல்தான் கிடைத்தது. அதிலும் முன்பு எழுதியவை பழைய பங்கிலேயே இருக்கும், திரும்ப எழுதினால்தான் புதுப் பங்கு. இணையத்தில் கிடைக்கும் கொள்ளளவுக் கணிப்பான்கள் பலவற்றில் டிஸ்க் எண்ணிக்கையையும் அளவையும் மட்டும்தான் கேட்கிறார்கள். என்ன மாதிரிக் கோப்பு, எவ்வளவு பெரிது, அழித்து அழித்து எழுதுவீர்களா என்று கேட்பதில்லை. கேட்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

அந்த யோசனையில்தான், டிஸ்க்கின் பக்கம் இருந்து எண்ணுவதை விட்டுவிட்டு, பேணிகளின் பக்கம் இருந்து எண்ண வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு போனேன். "ஐயா, 3,900 ரோலில கறுப்பு வெள்ளை எத்தனை?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, "ஆயிரத்தி எண்ணூறு" என்றார். ஸ்கேனரைப் பார்த்தேன். எல்லாம் 48 பிட் கலரில் போய்க்கொண்டிருந்தது, வாங்கும்போது இருந்த அமைப்பு அப்படியே. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருப்பது வெள்ளியின் அடர்த்தி மட்டும். அதை மூன்று நிறமாகப் பதிந்தால் ஒரே செய்தியை மூன்று தரம் எழுதிவைக்கிறோம். 16 பிட் சாம்பல் நிறமாக மட்டும் பதிந்தால் ஒரு பிரேம் 42.9 மெகாபைட், தரத்தில் ஒரு குறையும் இல்லை. ஐயாவுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருட்டறையில் முப்பது வருடம் நின்றவர். "வெள்ளியில நிறம் ஏது?" என்று தானே சொல்லிவிட்டு, கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினார்.

இருவரும் சேர்ந்து எழுதினோம், இந்த முறை எல்லாம் பைட்டில். கறுப்பு வெள்ளை 64,800 பிரேம், 2.78 டெராபைட். கலர் 75,600 பிரேம், 9.72. கூட்டினால் 12.50. எண்பது வீதக் கோட்டுக்குக் கீழே, மயிரிழையில். சுருக்கிச் சேமித்தால் இன்னும் குறையாதா என்று பேரன் கேட்டான். 16 பிட் ஸ்கேனில் நுண்ணிய வேறுபாடுகளைச் சொல்லும் கீழ்ப் பிட்டுகள் எல்லாம் பிலிமின் துகள்களும் ஸ்கேனரின் இரைச்சலும், அதில் சுருங்க ஒன்றும் பெரிதாக இல்லை. கொஞ்சம் சுருங்கினால் சந்தோஷம், ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றேன்.

எண்பத்திநாலு

நண்பரின் 550 ரோல் மீதி இருந்தது. கிட்டத்தட்ட முழுவதும் கறுப்பு வெள்ளை, 0.85 டெராபைட். சேர்த்தால் 13.35. அது 84 வீதம். ஐயா பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எண்பது என்பதைச் சட்டம்போலச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பாதுகாப்பான பதில், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். எழுதுவதும் அழிப்பதும் மாற்றுவதுமாக இருக்கிற சர்வர்களில்தான் வெற்றிடம் சிதறும். தரவுத்தளம் ஓடுகிற இடத்தில் எண்பதைத் தாண்ட நான் ஒருநாளும் விடமாட்டேன். ஐயாவின் பெட்டியில் ஒரு பிரேம் ஒருமுறை எழுதப்படும், பிறகு எவரும் தொடமாட்டார்கள். பார்வைக்கான சின்னப் படங்கள்கூட வேறு டிஸ்க்கில். இப்படியான காப்பகம் ஒன்றுக்கு 84 எனக்குப் பயமாக இல்லை. "போகும், ஐயா," என்றேன். இந்த முறை அந்தச் சொல்லுக்குப் பின்னால் நாலு பக்கக் கணக்கு இருந்தது.

ஏழாவது டிஸ்க்குக்கு என்று வைத்த காசோடு ஐயாவும் கொஞ்சம் போட்டு, இரண்டு 8 டெராபைட் டிஸ்க் வாங்கினோம். எத்தனை பாரிட்டி இருந்தாலும் ஒரே அறையில் இருக்கும் ஒரே பெட்டி நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் ஒன்றுதான். இன்னொரு பிரதி இன்னொரு வீட்டில் இருக்க வேண்டும். அவற்றை ஈ.எக்ஸ்.டி.4 என்ற கோப்பு முறைமையில் அமைத்தபோது, அது வழக்கமாக 5 வீதத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கிவிடும் என்பதையும் மறக்காமல் கழித்தேன். 15 க்குக் கிட்ட மிஞ்சும், 13.35 க்குக் காணும்.

இரண்டாவது வீடு எது என்று ஐயாவிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. போன சனிக்கிழமை முதல் டிஸ்க்கை, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் இரண்டோடு, ஒரு பிஸ்கட் பேணியில் வைத்து மூடினார். மார்க்கரால் மூடியில் "ரோல் 1 – 412" என்று எழுதினார். நண்பரின் பேணிகளில் வினாகிரி வாசம் கூடுதலாக இருந்ததால் அவற்றைத்தான் முதலில் ஸ்கேன் செய்யச் சொல்லியிருந்தார், தன்னுடையவை பிறகு. ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியெல்லாம் பேணி அவர் மடியிலேயே இருந்தது. நண்பரின் மகள் கதவைத் திறந்ததும், "முந்தி வச்ச அதே அலுமாரியில வையுங்கோ, பிள்ளை," என்றார்.